எழாத கணினி, ஏறாத கார்ட்ரிட்ஜ்: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

இந்த வழிமுறை 1977-இல் அட்டாரி 2600 வெளிவந்தது முதல் 1990-கள் வரை விற்கப்பட்ட கார்ட்ரிட்ஜ் (ஆட்டம் பதிந்த, செருகிக் கழற்றும் பெட்டி) ஆட்டக் கருவிகளையும் வீட்டுக் கணினிகளையும் பற்றியது. எந்தக் கோளாறானாலும் தேடலை வெளியிலிருந்து தொடங்கி உள்ளே கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இதில் பின்பற்றப்படும் ஒழுங்கு. முதலில் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும். அதற்கடுத்துத் தொடுமுனைகளையும் வடங்களையும், பிறகு சாக்கெட்டில் செருகியுள்ள சில்லுகளையும், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மின்சுற்றுப் பலகையோடு சால்டர் செய்யப்பட்ட சில்லுகளையும் பார்க்க வேண்டும். கெட்டுப்போகும் வாய்ப்பும் ஏறத்தாழ இந்த வரிசையிலேயே குறைந்துகொண்டு போகிறது. தவறாகக் கைவைத்தால் விளையும் சேதமோ இதே வரிசையில் கூடிக்கொண்டு போகிறது.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன் ஆகியவை போதும். நின்டெண்டோ, சேகா கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளி முனையும், அவற்றின் கன்சோல்கள் (ஆட்டக் கருவிகள்) பலவற்றுக்கு 4.5 மில்லிமீட்டர் முனையும் வேண்டும். சாதாரணத் திருப்புளியை வைத்து நெம்பினால் திருகின் தலை சிதைந்துவிடும்; அதன்பின் சரியான முனையும் பயன்படாது.

மின்னிணைப்பு கொடுப்பதற்கு முன்

பல ஆண்டுகள் கிடப்பில் இருந்த கருவி கைக்கு வந்தவுடன், வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆவலில் நேரே மின்னிணைப்பு கொடுத்துவிடுவதுதான் இத்துறையில் மிகுந்த சேதத்தை உண்டாக்கும் பழக்கம். செருகி பொருந்துகிறது என்பதற்காக அடாப்டரும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. நின்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலுடன் வந்த அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி. தருவது, அதன் ஜப்பானிய உடன்பிறப்பான ஃபேமிகாம் எதிர்பார்ப்பதோ 10 வோல்ட் டி.சி. முன்னதன் அடாப்டரைப் பின்னதில் செருகினால் ஃபேமிகாம் பழுதாகும். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியின் 9 வோல்ட் செருகியில் நடுமுனை எதிர்மின் முனையாக இருக்கிறது. இன்று கிடைக்கும் பொது அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் நடுமுனை நேர்மின் முனை. ஆகவே அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பதோடு நில்லாமல், மல்டிமீட்டரை வைத்து அளவையும் திசையையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

காமடோர் 64 என்னும் வீட்டுக் கணினிக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். 1982-இல் அதனுடன் விற்கத் தொடங்கிய, உள்ளே எபாக்ஸி பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட கனத்த மின்வழங்கி 5 வோல்ட் டி.சி.யையும் 9 வோல்ட் ஏ.சி.யையும் தருகிறது. அதிலுள்ள, மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் 5 வோல்ட் ரெகுலேட்டர் முதுமையடையும்போது பெரும்பாலும் வெளியீடு குறைவதில்லை, ஏறுகிறது. அவ்வாறு ஏறும் மின்னழுத்தம் நேராக நினைவகச் சில்லுகளைப் போய்ச் சேருகிறது. செருகியின் 5-ஆம் முனைக்கும் 2-ஆம் முனைக்கும் இடையே அளந்து பார்க்க வேண்டும். சூடேறிய பின்பே அளவு ஏறத் தொடங்கும் வழக்கம் உண்டு என்பதால், அரை மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு முறை அளப்பது நல்லது. 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்த மின்வழங்கியைக் கணினியுடன் இணைக்கவே கூடாது. உண்மையில், சரியாக அளவு காட்டினாலும் அதைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் புதிய மின்வழங்கி ஒன்றை வாங்குவதே என் பரிந்துரை. பிசினுக்குள் புதைந்த பாகத்தைப் பழுதுபார்க்கவும் முடியாது, நம்பவும் முடியாது.

பேட்டரி இருக்கும் இடங்களையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 1991-இல் வந்த காமடோரின் அமிகா 500 பிளஸ் கணினியின் பலகையில் நிக்கல் காட்மியம் மின்கலம் ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அமிகா 500-இன் அடிப்புற நினைவக விரிவாக்கத்திலும் அதே வகை மின்கலம் உண்டு. கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், முதலில் மின்கலத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைத் தொட்டுக் காரத்தை முறித்து, காய்ச்சி வடித்த நீராலும் பின்பு ஆல்கஹாலாலும் கழுவி, முழுதாக உலர்ந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். கசியாத மின்கலத்தையும் எடுத்துவிடலாம். அது காத்துவருவது கடிகாரத்தின் நேரத்தை மட்டுமே. அதற்காகப் பலகையை இழக்க வேண்டியதில்லை.

அறிகுறி: போட்டதும் புகை, கருகல் நாற்றம்

உடனே சுவரிலுள்ள இணைப்பைத் துண்டிக்கவும். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோவிலும் ஆப்பிள் II வரிசையிலும் இது பலருக்கும் நேரும் அனுபவம். மின்வழங்கியின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட வைக்கப்பட்டிருக்கும் ரிஃபா நிறுவனக் கெபாசிட்டர் (மின்தேக்கி), உலோகம் பூசிய காகிதத்தை ஒளி ஊடுருவும் பழுப்புப் பிசினுக்குள் வைத்துச் செய்யப்பட்டது. பிசினில் காலப்போக்கில் மயிரிழை வெடிப்புகள் தோன்றி, அவற்றின் வழியே ஈரம் புகுந்து, ஒருநாள் மின்னிணைப்பு கிடைத்ததும் அது கெட்டியான புகையோடு வெடிக்கிறது. நாற்றம் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் கணினிக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. அதே கொள்ளளவும் எக்ஸ்2 பாதுகாப்பு வகுப்பும் உள்ள புதிய கெபாசிட்டரை வைத்தால் போதும். மேலே வெடிப்பு தெரிந்தால் புகைக்கும்வரை காத்திராமல் மாற்றிவிடலாம்.

ஒரு கண்டிப்பு: மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டர்கள் இணைப்பைத் துண்டித்த பின்பும் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அவற்றை அளந்து வெறுமையாக்கத் தெரியாதவர் மின்வழங்கியின் பெட்டியைத் திறக்க வேண்டாம். படக்குழாய்த் தொலைக்காட்சியின் உட்புறத்துக்கும் இதே விதி, இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

அறிகுறி: மின்விளக்கு எரிகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது

பழைய கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் கோளாறும், மிகுதியாகத் தவறாகக் கணிக்கப்படும் கோளாறும் இதுதான். விளக்கு எரிவதை வைத்து மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது. காமடோர் 64-இன் விளக்கு 5 வோல்ட் டி.சி. வழியில் எரிகிறது, ஆனால் தொடக்ககாலப் பலகைகளில் படத்தை உருவாக்கும் விக்-II சில்லுக்கான 12 வோல்ட்டும் தனி 5 வோல்ட்டும் 9 வோல்ட் ஏ.சி.யிலிருந்து பலகையிலேயே தயாரிக்கப்படுகின்றன. மின்விசைக்கு அருகிலுள்ள சிறு ஃபியூஸ் போயிருந்தால் விளக்கு எரியும், படம் வராது. பலகையைக் கழற்றியவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஃபியூஸைத்தான். அடுத்து 7805, 7812 ஆகிய இரண்டு ரெகுலேட்டர்களின் வெளியீட்டை.

மின்னழுத்தங்கள் யாவும் சரியாக இருந்தால், கணினியை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, நினைவகச் சில்லுகளின் மேல் விரலை மெல்ல வைத்துப் பார்க்கலாம். எட்டு 4164 சில்லுகளில் ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் அது உள்ளுக்குள் குறுக்கிணைப்பு ஆகிவிட்டது என்று கொள்ளலாம். விக்-II சில்லும் சிட் ஒலிச் சில்லும் இயல்பாகவே சூடாகக் கூடியவை. அவற்றின் சூட்டைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

அடுத்த ஐயம் பி.எல்.ஏ. என்னும் சில்லின் மேல் விழ வேண்டும். எந்த முகவரிக்கு எந்தச் சில்லு பதில் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்வது அதன் வேலை. காமடோர் 64-இல் கருப்புத் திரைக்கு அதுவே வழக்கமான காரணம். சாக்கெட்டில் இருந்தால், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, அதையும் சாக்கெட்டிலுள்ள பிற சில்லுகளையும் ஒவ்வொன்றாகச் சற்றே உயர்த்தி மறுபடி அழுத்தி அமர்த்துவதே போதுமானதாக அமைவதும் உண்டு. கால்களில் படிந்த மெல்லிய ஆக்சைடு உரசலில் நீங்கிவிடும். சிட் சில்லைக் கழற்றிவிட்டும் ஓட்டிப் பார்க்கலாம். அது இல்லாமலும் கணினி தொடங்கும். கழற்றியதும் படம் வந்துவிட்டால், பொதுவான தரவு வழியை அது பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

இதற்கும் பிடிகொடுக்காவிட்டால் டெட் டெஸ்ட் எனப்படும் சோதனைக் கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும். அது கணினியின் சொந்த நிரல் பதிந்த ரோம் சில்லைச் சாராமல் தானே ஓடி, நினைவகத்தில் பழுது இருந்தால் திரையைச் சிமிட்டும். எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதைக் கொண்டு எட்டுச் சில்லுகளில் எது பழுது என்று அறியலாம். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கும் திரை அசையாமல் இருந்தால் மட்டுமே செயலி, விக்-II என்று மேலே போக வேண்டும்.

படம் வந்துவிட்டாலும் முதல் திரையைப் படிக்காமல் விடக் கூடாது. 38911 பேசிக் (நிரல்மொழி) பைட்டுகள் மீதமிருப்பதாக அது அறிவிக்க வேண்டும். தொடக்கத்தில் நடக்கும் நினைவகச் சோதனை முதல் பழுதான பைட்டில் நின்றுவிடும் என்பதால், எண் குறைவாக இருந்தால் அந்த எண்ணே பழுதான இடத்தைச் சுட்டுகிறது.

அறிகுறி: திரையில் குப்பைக் கட்டங்கள், அல்லது ஒரே வண்ணம்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கட்டங்களும் கோடுகளுமாகக் காட்டி உறைந்து நின்றால், கீழ் நினைவகமான 16 கிலோபைட்டைச் சந்தேகிக்க வேண்டும். அங்குள்ள 4116 சில்லுகளுக்கு +5, +12, −5 என மூன்று மின்னழுத்தங்கள் தேவை. −5 வோல்ட் இல்லாமல் மற்றவை மட்டும் கிடைத்தால் இந்தச் சில்லுகள் சாகும். ஆகவே சில்லை மாற்றுவதற்கு முன் மூன்றையும் அளக்க வேண்டும். மின்னழுத்தம் தயாரிக்கும் பகுதியில் டி.ஆர்.4 என்று குறிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் பழுதாவது மிகவும் வழக்கமானது. அதைக் கவனிக்காமல் புதுச் சில்லுகளைப் பொருத்துபவர் அவற்றையும் இழப்பார்.

மேல் நினைவகம் பழுதானால் கதை வேறு. கணினி இயல்பாகவே தொடங்கும், சிறிய ஆட்டங்களும் ஓடும், 48 கிலோபைட் ஆட்டங்கள் மட்டும் ஏறியபின் சிதறிவிடும். இதை உறுதிசெய்ய "பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733" என்ற கட்டளை போதும். விடை 65535 என்றால் முழு நினைவகமும் தெரிகிறது. 32767 என்றால் 48 கிலோபைட் கணினி தன்னை 16 கிலோபைட் கணினியாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது.

அமிகா இந்த விஷயத்தில் மிகவும் நாகரிகமானது; தன் நோயைத் தானே வண்ணத்தால் சொல்லிவிடுகிறது. அடர்சாம்பல் வெளிர்சாம்பலாகி வெண்மைக்குச் செல்வது நலத்தின் குறி. சிவப்பில் நின்றால் ரோம், பச்சையில் நின்றால் சிப் ரேம் எனப்படும் நினைவகம், மஞ்சளில் நின்றால் செயலி எதிர்பாராத பிழையில் சிக்கியிருக்கிறது. பச்சைத் திரையோடு வரும் அமிகா 500-இல் முதலில் அடிப்புற நினைவக விரிவாக்கத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கவும். அதன் தொடுமுனைகளோ கசிந்த மின்கலமோதான் காரணம் என்று தெரியவரலாம்.

அறிகுறி: கார்ட்ரிட்ஜ் தொடங்கவில்லை, மின்விளக்கு விட்டுவிட்டு எரிகிறது

முதலில் ஊதுவதைப் பற்றி. கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதினால் ஆட்டம் ஓடும் என்பது ஒரு தலைமுறை முழுவதும் நம்பிய வைத்தியம். ஊதியபின் ஓடியதற்குக் காரணம் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து மறுபடி செருகியதே; ஊதியதால் மிஞ்சியது எச்சில் ஈரமும் அதனால் வந்த அரிப்பும் மட்டுந்தான்.

சரியான முறை எளிது. பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, தொடுமுனைகளின் நீளவாக்கில் தேய்த்து, குச்சி கருப்பதைப் பார்த்து, புதுக் குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை தொடர வேண்டும். பின்பு உலர்ந்த குச்சியால் துடைத்து, சில நிமிடம் ஆறவிட வேண்டும். வெளியிலிருந்து எட்டாத மூலைகளுக்காகக் கூட்டைத் திறந்து பலகையை எடுத்துச் செய்வதே முழுமையானது. பிடிவாதமான கறைக்கு வெள்ளை அழிப்பானை மென்மையாகப் பயன்படுத்தலாம். உப்புத்தாளையும் உலோகம் மெருகேற்றும் பசைகளையும் தொடவே கூடாது. தொடுமுனையின் மேல் இருப்பது மிக மெல்லிய பொன்பூச்சு. அது போனபின் அடியிலுள்ள உலோகம் முன்னைவிட வேகமாகக் கறுக்கும், சுத்தம் செய்தவர் தம் வேலை பலிக்கவில்லையே என்று மேலும் தேய்ப்பார்.

கார்ட்ரிட்ஜ்கள் பலவும் ஒரே கன்சோலில் தகராறு செய்தால் குற்றம் கன்சோலுடையது. 1985-இல் அமெரிக்காவில் வந்த, முன்புறம் செருகி அழுத்தும் என்.இ.எஸ்.ஸில் விளக்கு நொடிக்கு ஒரு முறை விட்டுவிட்டு எரிவது மிகவும் பெயர்பெற்ற அறிகுறி. அது மின்சாரக் கோளாறு அன்று. கன்சோலிலுள்ள பூட்டுச் சில்லும் கார்ட்ரிட்ஜிலுள்ள அதன் இணைச் சில்லும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு அறுந்தால் கன்சோல் தன்னைத்தானே நொடிதோறும் மறுதொடக்கம் செய்துகொள்ளும். பேச்சு அறுவதற்குக் காரணமோ 72 முனை இணைப்பியில் தளர்ந்த அல்லது அழுக்கேறிய ஊசிகள். இணைப்பியைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடம் இட்டு, முழுதாக உலர்த்தி மறுபடி பொருத்துவது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. மாற்றுக்குக் கிடைக்கும் புதிய இணைப்பிகளில் சில கார்ட்ரிட்ஜைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. பழைய இணைப்பியைக் காப்பாற்ற முடிந்தால் அதுவே மேல். பூட்டுச் சில்லின் 4-ஆம் காலைப் பலகையிலிருந்து விடுவித்துத் தரையிணைப்புடன் சேர்த்துவிட்டால் மறுதொடக்கம் நின்றுபோகும். ஆனால் அழுக்கான தொடுமுனை அழுக்காகவே இருக்கும் என்பதால், இதைச் சுத்தத்துக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

ஆட்டம் தொடங்கி, இசையும் கட்டுப்பாடும் சரியாக இருந்து, படம் மட்டும் சிதைந்து தெரிந்தால், அதுவே நல்ல துப்பு. என்.இ.எஸ். கார்ட்ரிட்ஜில் நிரலுக்கு ஒரு வழியும் படத்துக்கு வேறொரு வழியும் உண்டு. இங்கே பட வழியின் தொடுமுனைகளில் ஒன்று தொடர்பு இழந்திருக்கிறது. சுத்தம் செய்தும் மாறாவிட்டால், சில்லின் கால்களிலுள்ள சால்டரை உருப்பெருக்கியால் பார்த்து, வெடிப்பு தெரியும் கால்களை மட்டும் மறுபடி உருக்கிவிடலாம்.

அறிகுறி: சேமித்த ஆட்டம் நிற்பதில்லை

கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நினைவகச் சில்லுக்கு, கன்சோல் அணைந்திருக்கும்போது ஒரு நாணய மின்கலம் உயிர் கொடுத்துவருகிறது. என்.இ.எஸ்.ஸின் முதல் ஜெல்டா ஆட்டத்தில் இருப்பது சி.ஆர்.2032, கேம் பாயின் போகிமான் ரெட், புளூ ஆகியவற்றில் சி.ஆர்.1616, கோல்ட், சில்வர் ஆகியவற்றில் சி.ஆர்.2025. கடைசி இரண்டிலும் மின்கலம் நினைவகத்தோடு ஒரு கடிகாரத்தையும் ஓட்ட வேண்டியிருப்பதால், வயதில் இளையவையாக இருந்தும் அவை முந்திக்கொண்டு தீர்ந்துவிடுகின்றன.

மின்கலத்தை அகற்றிய கணமே சேமிப்பு அழிந்துவிடும் என்பதால், அது இன்னும் உயிரோடு இருந்தால் முதலில் கார்ட்ரிட்ஜ் வாசிப்பானின் உதவியால் சேமிப்பைக் கணினிக்கு எடுத்துவைத்துக்கொண்டு, மாற்றிய பின் திருப்பி எழுத வேண்டும். நாணய மின்கலத்தின் மேல் நேராகச் சால்டரிங் அயர்னை வைக்கக் கூடாது, அது வெடிக்கக்கூடும். உலோகத் தகடுகள் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட மின்கலங்கள் தனியாகக் கிடைக்கின்றன. தகடுகளின் நேர், எதிர் திசையைப் பலகையிலுள்ள குறியோடு ஒப்பிட்டுப் பொருத்தி, மாற்றியபின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கு அருகில் இருப்பதை அளந்து உறுதிசெய்யவும்.

மின்கலம் நன்றாக இருந்தும் சேமிப்பு போகிறதென்றால் அணைக்கும் முறையைப் பார்க்க வேண்டும். ஜெல்டா ஆட்டம் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்விசையை அணைக்கும்படி சொல்வது வெறும் சடங்கன்று. மின்னழுத்தம் சரியும் அந்தச் சிறுபொழுதில் செயலி கண்டபடி ஓடி நினைவகத்தில் குப்பையை எழுதிவிடாமல் அது தடுக்கிறது. மாறாக, கேம் பாய் அட்வான்ஸின் போகிமான் ரூபி, சஃபையர் ஆகியவை மின்கலம் தீர்ந்துவிட்டதாக அறிவித்தாலும் பதற வேண்டாம். அங்கே மின்கலம் கடிகாரத்துக்கு மட்டுமே, சேமிப்பு ஃபிளாஷ் நினைவகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அறிகுறி: சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை

எவை வேலை செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; விடை அந்தப் பட்டியலிலேயே இருக்கும். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் 40 விசைகள் எட்டு அரைவரிசைகளாகவும் ஐந்து நெடுவரிசைகளாகவும் பின்னப்பட்டுள்ளன. கியூ, டபிள்யூ, இ, ஆர், டி போல அடுத்தடுத்த ஐந்து விசைகள் சேர்ந்து போனால், எட்டு இழைகள் கொண்ட பட்டை வடத்தில் ஓர் இழை அறுந்திருக்கிறது. 1, 0, கியூ, பி, ஏ, என்டர், கேப்ஸ் ஷிஃப்ட், ஸ்பேஸ் என விளிம்புகளிலுள்ள எட்டு விசைகள் சேர்ந்து போனால், ஐந்து இழைகள் கொண்ட வடத்தில் ஓர் இழை அறுந்திருக்கிறது. இந்த வடங்கள் விசைகளுக்கு அடியிலுள்ள மெம்பிரேன் தாளின் நீட்சியே. முதுமையில் மொறுமொறுப்பாகி, பெட்டியைத் திறக்கும்போதே முறிந்துவிடுகின்றன. ஒட்டவைக்க முயல்வது வீண்; புதிய மெம்பிரேன் இன்றும் தயாரிக்கப்படுகிறது.

காமடோர் 64-இல் யாரும் தொடாமலே எழுத்துகள் விழுந்தால் முதலில் 1-ஆம் துளையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அந்தத் துளை விசைப்பலகையின் அதே இழைகளைப் பகிர்ந்துகொள்கிறது. உருவியும் மாறாவிட்டால் அவ்விரண்டையும் கவனிக்கும் 6526 சில்லு பழுதாகியிருக்கலாம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக்கைச் செருகுவதும், துளையின் ஊசிகளை விரலால் தொட்டு நிலைமின்னைப் பாய்ச்சுவதும் அதைக் கொல்லும் வழிகள்.

அறிகுறி: நாடாவிலிருந்து ஆட்டம் ஏறவில்லை

ஸ்பெக்ட்ரமின் திரை ஓரம் இங்கே அளவுக்கருவியாகப் பயன்படும். முன்னொலி (தரவுக்கு முன் வரும் சீரான ஒலி) வரும்போது சிவப்பும் வெளிர்நீலமுமான அகன்ற பட்டைகளும், தரவு வரும்போது நீலமும் மஞ்சளுமான மெல்லிய பட்டைகளும் ஓட வேண்டும். பட்டைகளே தோன்றாவிட்டால் சைகை கணினியைச் சேரவில்லை. வடத்தையும் ஒலியளவையும் பாருங்கள். முக்கால் பங்கு ஒலியளவில் தொடங்கி மேலும் கீழும் நகர்த்துவது நல்லது. சிவப்பும் வெளிர்நீலமும் சீராக வந்து, தரவு தொடங்கியபின் நடுவில் பிழைச் செய்தி வந்தால், பெரும்பாலும் வாசிப்புத் தலையின் கோணமே காரணம்.

தலையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஆட்ட நாடாவைக் காதால் கேட்டபடி, தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகை மெல்லத் திருப்ப வேண்டும்; ஒலி மந்தம் நீங்கி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான கோணம். திருப்பும் முன் திருகின் நிலையை மையால் குறித்துக்கொள்ளவும். நாடா தள்ளாடி ஓடினால் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள்; சில பெல்ட்டுகள் தளர்வதோடு நில்லாமல் தாராய் உருகிக் கப்பிகளில் ஒட்டியிருக்கும்.

வட்டு இயக்கியைப் பற்றி இரண்டே சொற்கள். பூஞ்சை படிந்த வட்டை ஒருபோதும் இயக்கியில் இடக் கூடாது. தலை அழுக்காகி அடுத்து வரும் நல்ல வட்டையும் அது கீறும். காமடோர் 1541 தடதடவென்று அடித்துக்கொள்வது பழுதன்று. தலை முதல் தடத்தை எட்டிவிட்டது என்று அறியும் உணரி அதில் இல்லாததால், அது தடுப்பில் மோதியே தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. ஆனால் பல ஆண்டுகள் இவ்வாறு மோதியதில் தலையின் இடம் பிசகி, தன் வட்டுகளைப் படித்துப் பிறர் வட்டுகளைப் படிக்காத இயக்கியாக அது மாறக்கூடும்.

அறிகுறி: ஒலி தேய்கிறது, படம் மங்குகிறது

1990-இல் வந்த சேகா கேம் கியரில் இது விதிவிலக்கு அன்று, விதி. ஒலி முணுமுணுப்பாகும், திரை சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், கூட்டைத் திறந்தால் மீன்வாடை வீசும். பலகையின் மேற்பரப்பில் பொருத்தப்பட்ட சிறு மின்பகு கெபாசிட்டர்கள் கசிந்துவிட்டன என்பதற்கு அந்த வாடையே சான்று. அமிகா 600, 1200 ஆகியவற்றிலும் இதே கதை. பழைய கெபாசிட்டரை முறுக்கி இழுக்கக் கூடாது. அடியிலுள்ள செப்புத் தடம் கசிவால் ஏற்கெனவே வலுவிழந்திருப்பதால் கையோடு பிய்ந்து வரும். எல்லாவற்றையும் எடுத்து, கசிவைக் கழுவி, புதியவற்றைத் திசை பார்த்துப் பொருத்த வேண்டும்.

இதைப் பொதுவிதியாக்கி, கைக்கு வரும் ஒவ்வொரு கருவியிலும் எல்லாக் கெபாசிட்டர்களையும் மாற்றிவிடுவதே மீட்பு என்று கருதுவோர் பலர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1980-களின் தொடக்கத்தில் வந்த, பலகையைத் துளைத்துச் செல்லும் கால்களையுடைய கெபாசிட்டர்களில் பெரும்பகுதி இன்றும் நலமாகவே இருக்கிறது. அனுபவமற்ற கையில் சால்டரிங் அயர்ன் உண்டாக்கும் தடச்சேதமே அங்கு பெரிய ஆபத்து. கசிவோ, வீக்கமோ, அளவுப் பிசகோ தென்பட்டால் மாற்றுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: கூடு மஞ்சளாகிவிட்டது

தீப்பற்றாமல் இருக்க ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்மங்கள் கலக்கப்பட்டன. மஞ்சள் நிறம் பெரும்பாலும் அவற்றோடு தொடர்புடையது. ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்துப் புறஊதா ஒளியில் வைத்தால் வெளுக்கும். சீராகப் படாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் வரலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இது இயக்கத்தைப் பாதிக்காத அறிகுறி என்பதால், மேலே சொன்ன யாவும் முடிந்த பிறகு இதைத் தொடுவதே முறை.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் ஆட்டம் முன்போல் இல்லை

படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோடிக்கொண்டோ இருந்தால் பால் (PAL), என்.டி.எஸ்.சி. (NTSC) என்னும் தொலைக்காட்சிப் பட முறைகள் பொருந்தவில்லை, நொடிக்கு 50 சட்டங்கள் தரும் கருவியையும் 60 சட்டங்கள் தரும் கருவியையும் எல்லாத் திரைகளும் ஒருங்கே ஏற்பதில்லை. தாவும் பொத்தானை அழுத்திய பின் பாத்திரம் சற்றுத் தாமதித்துத் தாவினால் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்ற வேண்டாம். தவறு பெரும்பாலும் தட்டைத் திரையில் இருக்கிறது. பழைய கருவிகள் அனுப்பும் 240 வரிப் படத்தைப் பல தொலைக்காட்சிகள் ஒற்றை, இரட்டை வரிகள் மாறிமாறி வரும் 480 வரிப் பின்னல் படமாகத் தவறாகக் கொண்டு, இல்லாத பின்னலைப் பிரிக்க முயன்று நேரத்தை விழுங்குகின்றன. தொலைக்காட்சியின் விளையாட்டு அமைப்பு ஓரளவு உதவும். 240 வரியை உள்ளபடி அறிந்துகொள்ளும் உருமாற்றிப் பெட்டி முழுமையாக உதவும்.

என்.இ.எஸ்.ஸின் ஜாப்பர் துப்பாக்கி எதையும் சுடாவிட்டாலும் அதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு சட்டத்துக்குக் கறுத்து, அடுத்த சட்டத்தில் இலக்கு மட்டும் வெள்ளைக் கட்டமாகத் தோன்றும். அந்த ஒளியை உரிய நொடிப்பகுதிக்குள், படக்குழாய்க்கே உரிய வேகத் துடிப்புடன் காண்பதற்காகவே அதன் உணரி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தட்டைத் திரை தாமதமாகவும் துடிப்பின்றியும் ஒளிர்வதால் துப்பாக்கிக்கு இலக்கு தெரிவதேயில்லை. இதற்குச் சால்டரிங் அயர்னால் தீர்வில்லை. நல்ல நிலையிலுள்ள ஒரு படக்குழாய்த் தொலைக்காட்சியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.